எண்ணெய்த் துணிக்குள் உறங்கும் நெருப்பு

தொட்டிற்கட்டை முதல் பள்ளி மாணவனின் எழுதுமேசை வரை, மரம் மனித வாழ்வில் இணைபிரியாத் தோழனாக விளங்கி வருகிறது. நம் மலேசியத் திருநாட்டில் மெராந்தி போன்ற காட்டு மரங்கள் மட்டுமல்லாமல், 25, 30 ஆண்டுகள் பால் தந்து ஓய்ந்த ரப்பர் மரமும் நாற்காலியாகவும் மேசையாகவும் கட்டிலாகவும் மறுபிறவி எடுத்து, நம் வீடுகளுக்கும் வெளிநாடுகளுக்கும் செல்கின்றது. நம் பெற்றோரும் பாட்டன்மாரும் வெட்டிய மரம் அது என்று எண்ணும்போது அதன்மேல் நமக்குத் தனிப்பற்று உண்டாவது இயல்பே.

மரப்பொருள்கள் நெடுநாள் உழைக்க வேண்டுமாயின் அவற்றிற்கு மெருகூட்ட வேண்டும். வார்னிஷ், ஷெல்லாக், சாயம் எனப் பலவகைப் பூச்சுகள் உள்ளன. அவற்றுள் மிகப் பழைமையானவற்றில் ஒன்று ஆளி விதை எண்ணெய். கடைகளில் ‘லின்சீட் ஆயில்’ என்று கேட்டால் தருவார்கள். மலாய் மொழியில் இதனை ‘மின்ஞாக் பிஜி ராமி’ என்பர். தச்சர் பட்டறையிலும், சித்திரம் வரைவோர் கூடத்திலும், கிரிக்கெட் மட்டைக்கு எண்ணெய் தடவும் விளையாட்டு வீரர் கையிலும் இதனைக் காணலாம்.

விதையிலிருந்து பிழிந்த எண்ணெய்தானே, இதனால் என்ன தீங்கு நேர்ந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பாதி உண்மை. பாதி பெரும் பிழை. எந்தப் பாதி உண்மை, எந்தப் பாதி பிழை என்பதைப் பெற்றோரும் மாணவரும் தெளிவாக அறிந்துகொள்வதற்காகவே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

ஆளி விதை எண்ணெய் என்பது யாது?

ஆளி என்பது நீல மலர் பூக்கும் ஒரு சிறு செடி. குளிர்ந்த நாடுகளில் இது பெருமளவில் பயிரிடப்படுகிறது. இதன் தண்டிலிருந்து எடுக்கும் நாரினால் ‘லினன்’ என்னும் உயர்ந்த துணி நெய்யப்படுகிறது. இதன் பழுப்பு நிற விதையைப் பிழிந்தால் மஞ்சள் நிற எண்ணெய் கிடைக்கிறது. ஐரோப்பிய ஓவியர்கள் பல நூற்றாண்டுகளாக வண்ணப் பொடிகளை இவ்வெண்ணெயில் குழைத்தே ஓவியம் தீட்டி வந்தனர். சன்னற் கண்ணாடிகளைச் சட்டத்தில் பொருத்தும் ‘பட்டி’ என்னும் பசையும், சுண்ணப் பொடியோடு இவ்வெண்ணெயைப் பிசைந்து செய்யப்பட்டதேயாகும்.

நம் தோட்டப்புற மக்களுக்குச் சுவையான செய்தி ஒன்றும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த பிரெடெரிக் வால்டன் என்பவர், ஆளி விதை எண்ணெய் காற்றுப்பட்டு இறுகும்போது ரப்பரைப் போன்ற ஒரு பொருளாக மாறுவதைக் கண்டார். ரப்பருக்கு மாற்றாக இதனைப் பயன்படுத்தலாமோ என்று ஆராயத் தொடங்கிய அவர், இறுதியில் தரைவிரிப்பு ஒன்றைக் கண்டுபிடித்து 1863ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அதுவே ‘லினோலியம்’. ஆளிச் செடியையும் எண்ணெயையும் குறிக்கும் இலத்தீன் சொற்கள் இரண்டும் சேர்ந்து பிறந்ததே அப்பெயர்.

எண்ணெய் உலர்வது எங்ஙனம்?

மாணவச் செல்வங்களே! ஈரத் துணியைக் கொடியில் உலர்த்தினால் என்ன நிகழ்கிறது? துணியிலுள்ள நீர் ஆவியாகிக் காற்றோடு கலந்துவிடுகிறது. துணியின் எடை குறைகிறது. ஆளி விதை எண்ணெய் உலர்வதும் இவ்வாறே என்று எண்ணிவிடாதீர்கள். அதன் முறை முற்றிலும் வேறு. இவ்வெண்ணெய் காற்றோடு கலந்து மறைவதில்லை; மாறாக, காற்றிலுள்ள உயிர்வளியைத் தன்னுள் இழுத்துக்கொள்கிறது. அதனால் பூசிய எண்ணெயின் எடை தொடக்கத்தில் சற்றுக் கூடுகிறது. எண்ணெயின் நுண்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்துப் பின்னிக்கொள்கின்றன. நீர்போல் ஓடிய எண்ணெய் மெல்லிய தோல்போல் இறுகி, மரத்தைக் காக்கிறது.

எல்லா எண்ணெய்களும் இவ்வாறு இறுகுவதில்லை. தேங்காய் எண்ணெயை ஒரு பலகையில் தடவி எத்தனை நாள் வைத்திருந்தாலும் அது பிசுபிசுப்பாகவே இருக்கும். எண்ணெய்களின் இத்தன்மையை அளந்தறிய வேதியியலார் ‘அயோடின் எண்’ என்னும் அளவு ஒன்றைப் பயன்படுத்துகின்றனர். அவ்வெண் உயர உயர, எண்ணெய் உயிர்வளியை விரைந்து பற்றிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய்க்கு அவ்வெண் ஏறக்குறைய 6 முதல் 11 வரை. நம் ரப்பர் மரத்தின் விதையிலிருந்து பிழியும் எண்ணெய்க்கு ஏறக்குறைய 135. ஆகவே அது ஓரளவு உலரும் எண்ணெய். ஆளி விதை எண்ணெய்க்கோ 170 முதல் 200 வரை. அது மிக நன்றாக உலர்வதன் காரணம் இதுவே.

இங்கு நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. ஒரு பொருள் உயிர்வளியோடு சேரும்போது வெப்பம் வெளிப்படுகிறது. விறகு எரிவதும் விறகு உயிர்வளியோடு சேர்வதேயாகும். அது விரைவாக நிகழ்வதால் தழலாகத் தெரிகிறது. ஆளி விதை எண்ணெய் உலர்வது மெதுவாக நிகழ்வதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயினும் உலரும் எண்ணெயின் ஒவ்வொரு துளியும் சிறிதளவு வெப்பத்தை வெளியிட்டுக்கொண்டேதான் இருக்கிறது.

பலகைக்குத் தீங்கில்லை, துணிக்கே தீங்கு

அவ்வாறாயின் எண்ணெய் பூசிய மேசை தீப்பற்றிக்கொள்ளுமோ என்று அஞ்ச வேண்டா. மேசையின்மீது எண்ணெய் மிக மெல்லிய படலமாகப் பரவியிருக்கிறது. அதில் உண்டாகும் வெப்பம் உடனுக்குடன் காற்றிலும் மரத்திலும் கலந்துவிடுகிறது. தகரத்திலுள்ள எண்ணெயும் அச்சமூட்டுவதன்று. அதன் மேற்பரப்பு மட்டுமே காற்றைத் தொடுகிறது. மேலும், 200 செல்சியஸ் பாகைக்கு மேல் சூடேறினாலன்றி அதன் ஆவி தீப்பற்றுவதில்லை. பெட்ரோலோடு ஒப்பிடுங்கால் இது மிகவும் சாதுவான பொருள் என்றே சொல்ல வேண்டும்.

ஆபத்து எங்கே இருக்கிறதென்றால், எண்ணெய் பூசவும் துடைக்கவும் பயன்படுத்திய துணியில் இருக்கிறது. வேலை முடிந்ததும் அத்துணியைப் பந்தாகச் சுருட்டி ஒரு மூலையில் எறிந்துவிடுவது பலருடைய வழக்கம். பருத்தித் துணியில் ஆயிரக்கணக்கான நூலிழைகள் உள்ளன. ஒவ்வோர் இழையிலும் எண்ணெய் படிந்து காற்றோடு உறவாடுகிறது. எனவே வெப்பம் மிகுதியாக உண்டாகிறது. ஆனால் துணி சுருண்டு கிடப்பதால் அவ்வெப்பம் வெளியேற வழியில்லை. உட்புறம் சூடேறுகிறது. சூடேறியதும் எண்ணெய் இன்னும் விரைவாக உயிர்வளியைப் பற்றுகிறது. 10 பாகை வெப்பம் உயர்ந்தால் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது வேதியியலார் பொதுவாகக் கூறும் கணக்கு. சூடு வேகத்தை வளர்க்க, வேகம் சூட்டை வளர்க்க, இறுதியில் துணி கருகிப் புகைந்து தானே தீப்பற்றி எரியும். தீக்குச்சி வேண்டா, மின்பொறி வேண்டா, சிகரெட்டுத் துண்டும் வேண்டா.

இதனை நம் அடுப்பங்கரையிலேயே ஒப்பிட்டுப் பார்க்கலாம். அடுப்பிலுள்ள கங்குகளை ஒன்றாகக் குவித்து வைத்தால் நெடுநேரம் கனன்றுகொண்டே இருக்கும். அவற்றையே தனித்தனியாகப் பிரித்துப் பரப்பினால் விரைவில் அணைந்துவிடும். குவிப்பதனால் வெப்பம் தங்குகிறது; பரப்புவதனால் வெப்பம் அகலுகிறது. எண்ணெய்த் துணிக்கும் இதுவே விதி.

மேலும் ஒன்று. இது உடனே நிகழ்வதன்று. பெரும்பாலும் சில மணி நேரங்கழித்தே நிகழும். மாலையில் வேலை முடித்துத் துணியைச் சுருட்டிப் போட்டவர் குளித்து, உண்டு, உறங்கச் சென்றுவிடுவார். வீடே உறங்கும் வேளையில் துணி விழித்துக்கொள்ளும். தோட்டத்து லயங்களைப் போல, ஒரே கூரையின்கீழ்ப் பலகைச் சுவர்களால் பிரிக்கப்பட்டு வீடுகள் அடுத்தடுத்து அமைந்திருக்குமாயின், ஒரு வீட்டின் கவனக்குறைவு பல குடும்பங்களின் துயரமாக மாறிவிடும்.

பிலடெல்பியா நகரம் கற்பித்த பாடம்

ஒரு துணிக்குவியலால் அத்துணை பெரிய தீங்கு விளையுமா என்று ஐயுறுவோர்க்கு அமெரிக்க நாட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்காட்டுவோம். அங்குப் பிலடெல்பியா நகரில் ‘ஒன் மெரிடியன் பிளாசா’ என்னும் 38 மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. 1991ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 23ஆம் நாள், சனிக்கிழமை இரவு, அதன் 22ஆம் மாடியில் தீப்பிடித்தது. அம்மாடியில் மரப்பலகைச் சுவர்களைப் புதுப்பிக்கும் வேலை நடந்திருந்தது. அவ்வேலைக்குப் பயன்படுத்திய, ஆளி விதை எண்ணெயில் தோய்ந்த துணிகள் அப்புறப்படுத்தப்படாமல் கிடந்தன. அவையே தாமாகச் சூடேறித் தீயை மூட்டின என்று பின்னர் நடந்த ஆய்வில் தெரியவந்தது.

தீ மாடிக்கு மாடி தாவியது. தீயணைப்பு வீரர் மூவர் உயிர் துறந்தனர். தானே நீர் தெளிக்கும் கருவிகள் பொருத்தப்பட்டிருந்த 30ஆம் மாடியை எட்டிய பின்னரே தீயின் ஓட்டம் தடைப்பட்டது. அக்கட்டடத்தில் மீண்டும் எவரும் குடிபுகவில்லை. 1999ஆம் ஆண்டளவில் அது முற்றிலும் இடித்து அகற்றப்பட்டது. மூன்று மாவீரர்களின் உயிரும் வானளாவிய மாளிகையும் ஒரு பிடித் துணியின் பொருட்டு அழிந்தன என்பதை நினைக்கையில் நெஞ்சம் பதறுகிறது.

துணியை என்ன செய்வது?

இத்தகைய ஆபத்தைத் தவிர்ப்பதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. சிறிது நேரமும் சிறிது பொறுப்புணர்வும் இருந்தால் போதும். கீழ்க்காணும் முறைகளைக் கடைப்பிடிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

1. வேலை முடிந்தவுடன் ஒவ்வொரு துணியையும் நன்கு விரித்து, வீட்டிற்கு வெளியே, காற்றோட்டமான நிழலில், தனித்தனியாகக் கம்பியில் தொங்கவிடுங்கள். அல்லது சிமெந்துத் தரையில் ஒற்றையாகப் பரப்பி வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்று படியக் கூடாது. மடிக்கவும் கூடாது. துணி அட்டைபோல் விறைத்துப்போன பிறகு குப்பையில் சேர்க்கலாம். நம் நாட்டு ஈரக் காற்றில் இதற்குப் பல நாள்கள் ஆகலாம், பொறுத்திருங்கள்.

2. விரித்துப் போட இடமில்லையாயின், இறுக்கமான மூடியுள்ள தகர டின் ஒன்றில் நீர் நிரப்பித் துணிகளை அதனுள் முழுவதும் அமிழ்த்தி மூடுங்கள். நீர் காற்றைத் தடுக்கும், வெப்பத்தையும் உறிஞ்சும். நெகிழிப் பையில் கட்டி வைப்பது பாதுகாப்பாகாது.

3. துணிக்கு மட்டுமன்று, எண்ணெய் தோய்ந்த மரத்தூள், பஞ்சு, காகிதம், தேய்ப்பதற்குப் பயன்படும் எஃகு நார் ஆகியவற்றிற்கும் இவ்விதி பொருந்தும். சிந்திய எண்ணெயை மரத்தூள் தூவித் துடைத்து, அத்தூளை மூட்டையாகக் கட்டி வைப்பது கொள்ளிக்கட்டையை மூட்டை கட்டுவதற்கு ஒப்பாகும்.

4. துவைத்துவிட்டால் தீங்கு நீங்கிவிடும் என்று நம்ப வேண்டா. சவர்க்காரம் போட்டுத் துவைத்த பின்னும் நூலிழைகளில் எண்ணெய் தங்கியிருக்கக் கூடும். அத்துணியைச் சூடான உலர்த்தும் இயந்திரத்தில் இடுவது மிகப் பெரிய தவறு.

5. எண்ணெய்த் துணிகளைப் பால்மரக் காட்டின் ஓரத்திலோ குப்பை மேட்டிலோ எறியாதீர்கள். ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் வறண்ட மாதங்களில் தரையெங்கும் சருகு நிறைந்திருக்கும். தீ பரவ அதுவே போதும்.

6. துணிக்குவியலிலிருந்து காட்டமான நெடி வீசினாலோ, தொட்டால் சுட்டாலோ, புகை கிளம்பினாலோ, மாணவர்கள் அதனருகில் நிற்கலாகாது. உடனே பெரியவர்களை அழையுங்கள். பெரியவர்களும் அதனைக் கிளறிப் பிரிக்கக் கூடாது. புதுக்காற்றுப் பட்டால் தழல் எழும். நீரைத் தாராளமாக ஊற்றுங்கள். தீ மூண்டுவிட்டால் அனைவரையும் வெளியேற்றிவிட்டு 999 என்னும் எண்ணில் தீயணைப்புப் படையினரை அழையுங்கள்.

தகரத்தின்மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள்

ஆளி விதை எண்ணெய் இருவகையாக விற்கப்படுகிறது. ஒன்று பச்சை எண்ணெய். இதில் வேறெதுவும் கலப்பதில்லை. இது உலர்வதற்குப் பல நாள்களோ சில வாரங்களோ ஆகும். மற்றொன்று ‘காய்ச்சிய எண்ணெய்’ எனப் பெயர் பெற்றது. பெயரைக் கண்டு இது வெறுமனே அடுப்பில் காய்ச்சியது என்று எண்ணிவிடக் கூடாது. இக்காலத்தில் பெரும்பாலும் கோபால்ட், மங்கனீசு போன்ற உலோகங்களின் சேர்மங்களைக் கலந்து இது விரைவில் உலருமாறு செய்யப்படுகிறது. முற்காலத்தில் ஈயச் சேர்மங்களையும் கலந்தனர். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குக் கேடு செய்யும் நஞ்சாகும். ஆகையால் பழைய பட்டறைகளில் கிடக்கும் பெயரற்ற எண்ணெய்த் தகரங்களைப் பயன்படுத்தாமல் விடுவதே நன்று.

கரண்டி, காய் நறுக்கும் பலகை, குழந்தைகள் வாயில் வைக்கும் மரப்பொம்மை ஆகியவற்றிற்குக் கலப்பில்லாத பச்சை எண்ணெயையே பூச வேண்டும். அதுவும் நன்கு உலர்ந்து, வாடை நீங்கிய பின்னரே அவற்றைப் பயன்படுத்த வேண்டும். உணவுக்காக விற்கும் ஆளி விதை எண்ணெயை மரத்திற்குப் பூசலாம்; ஆனால் மரத்திற்காக விற்கும் எண்ணெயை ஒருபோதும் உணவில் சேர்க்கலாகாது. இவ்வேறுபாட்டைத் தாய்மார்கள் மனத்தில் இருத்த வேண்டும். பூச்செண்ணெயை வேறு புட்டிகளில், குறிப்பாகக் குடிநீர்ப் புட்டிகளில், ஊற்றி வைக்க வேண்டா.

சிலர் எண்ணெய் எளிதில் ஊறுவதற்காகக் கர்ப்பூரத் தைலம் எனப்படும் ‘டர்பென்டைன்’ சேர்ப்பர். அவ்வாறு கலந்தால், சாதுவான எண்ணெயும் எளிதில் தீப்பற்றும் ஆவியை வெளியிடத் தொடங்கும். அவ்வாவி தலைவலியும் மயக்கமும் தரும். ஆகவே அடுப்பு, ஊதுவத்தி, குத்துவிளக்கு, சிகரெட்டு ஆகியவை அருகில் இல்லாத திறந்தவெளியிலேயே அவ்வேலையைச் செய்ய வேண்டும். காய்ச்சிய எண்ணெயையும் தைலத்தையும் கையாளும்போது கையுறை அணிவது தோலுக்கு நன்மை பயக்கும். பழைய சாயம் பூசிய பொருள்களைத் தேய்க்க நேர்ந்தால், அத்தூளிலும் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் சிறுவர்களை அப்புறப்படுத்துங்கள்.

நம் நாட்டுக்கு ஏற்றதா?

ஏற்றதே, ஆயினும் அதன் எல்லையை அறிந்து பயன்படுத்த வேண்டும். வீட்டினுள் இருக்கும் மேசை, நாற்காலி, அலமாரி, மண்வெட்டிப் பிடி ஆகியவற்றிற்கு இது அழகும் உழைப்பும் தரும். வெயிலிலும் மழையிலும் நிற்கும் கதவு, வேலி முதலியவற்றிற்கு இது மட்டும் போதாது. ஈரம் மிகுந்த நம் தட்பவெப்பத்தில் இதன்மேல் பூஞ்சணம் படரும். கறையானையும் துளைப்பூச்சியையும் இது தடுப்பதில்லை.

பூசும் முறையும் எளிதே. மரத்தை நன்கு தேய்த்துத் தூசு நீக்குக. எண்ணெயை மெல்லியதாகப் பூசுக. 15 அல்லது 20 நிமிடங்கள் கழித்து, மரம் குடிக்காமல் விட்ட மிகுதி எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்து எடுக்க. முதற்பூச்சு உலர்ந்த பின்னரே அடுத்த பூச்சு. தடிமனாகப் பூசினால் மேலே தோல் படர்ந்து அடியில் ஈரமாகவே நிற்கும், பிசுபிசுக்கும். மெல்லிய பூச்சே நல்ல பூச்சு.

முடிவுரை

தோட்டப்புறப் பள்ளிகளில் பெற்றோரும் ஆசிரியரும் ஒன்றுகூடி, ‘கோத்தோங் ரோயோங்’ என்னும் கூட்டுப்பணி மூலம் பள்ளியின் மேசை நாற்காலிகளைப் புதுப்பிப்பது போற்றத்தக்க மரபு. வேலை செய்வோர் பலர் இருக்கும் இடத்தில், துணிகளை எடுத்து வைப்பது யார் பொறுப்பு என்பது பெரும்பாலும் தெளிவாக இருப்பதில்லை. ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று எண்ணி வீடு திரும்புவர். ஆகவே இத்தகைய பணியைத் தொடங்குமுன், துணிகளை எண்ணிக் கொடுக்கவும், முடிந்தபின் எண்ணி வாங்கி விரித்துப் போடவும் ஒருவரை நியமித்துக்கொள்ள வேண்டும் என்பது எமது வேண்டுகோள். பத்துத் துணி கொடுத்தால் பத்தும் கம்பியில் தொங்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அதனைத் தேடிக் கண்டுபிடிக்காமல் பள்ளிக் கதவைப் பூட்டலாகாது.

மாணவச் செல்வங்களே! நீங்கள் இல்லம் சென்றதும் இச்செய்தியைப் பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் எடுத்துச் சொல்லுங்கள். ஆளி விதை எண்ணெய் நம் பகையன்று. அதன் இயல்பை அறியாமையே நம் பகை. சுருட்டிய துணி சூடேறும். விரித்த துணி உலரும். இவ்வோர் உண்மையை வீடுதோறும் நினைவில் வைத்தால், நம் மரப்பொருள்கள் மெருகேறும். நம் இல்லங்களும் பள்ளிகளும் தீங்கின்றி நிலைக்கும்.